சுவர் வழியாக வந்த காட்பாடி வண்டி

எனக்குத் தெரியாது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபையில் சொன்னேன். கம்பெனியில் சொன்னேன். குடியாத்தத்தில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தது எனக்குத் தெரியாது என்று.

தெரியும். நன்றாகவே தெரியும். எத்தனை மணிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள், கேசரியா அல்வாவா என்பது வரை தெரியும். (கேசரி.)

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவன். ஒரு ஷூவின் மேல்பாகத்துக்குத் தோலை எந்தெந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பதை அட்டையில் வரைந்து கொடுப்பது என் வேலை. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் எங்கேயோ ஜெர்மனியில் ஒருவனுக்குக் கால் கடிக்கும். அதனால் அளவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்றா சொன்னேன்? கடையில் பேண்ட் தைக்கக் கொடுத்தால் டெய்லரின் டேப்பை வாங்கி நானே அளந்து சொல்வேன். ஊரில் பாதி டெய்லர்கள் என்னைக் கண்டால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவன் தன் வீட்டுச் சுவரின் கனத்தை அளக்காமல் விட்டான் என்பதுதான் கதை.

அது சாதாரணச் சுவர் இல்லை. அம்மா இறந்த பிறகு எனக்கும் என் அண்ணன் கிருபாவுக்கும் வீடு இரண்டாகப் பிரிந்தபோது நடுக்கூடத்தில் எழும்பிய சுவர். தெருப்பக்கத்து ஜன்னல் யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. ஜன்னல் அவர் பக்கம் போனது. நான் கோபத்தில், "இன்னிக்கே செவுரு எழுப்பு. உம் மூஞ்சியப் பாக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல" என்றேன். நான் இன்றைக்கே என்று குதித்ததால் கொத்தனாரும் அவசரம் அவசரமாகக் கட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு பதினொரு வருடம் அண்ணனும் நானும் பேசவில்லை. அவர் இருமுவது எனக்குக் கேட்கும். என் டிவி சத்தம் அவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் உறவு.

எங்கள் பெண்டாட்டிமார்கள் எங்கள் சண்டையை மதிக்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவும் எஸ்தர் அண்ணியும் பின்பக்கத் துணி துவைக்கிற இடத்தில் தினமும் அரை மணி நேரம் பேசுவார்கள். அண்ணன் மகள் ஜெனி பள்ளிக்கூடம் போகிற காலம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் தலை பின்னிக்கொண்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. "சித்தி பின்னுனாத்தான் நேரா இருக்கு" என்று பின்வாசல் வழியாக ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள்.

பிறகு ஸ்டெல்லாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு மூன்று நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இரண்டு வருடம் போனோம். காலை பாசஞ்சரில் ஆம்பூரில் ஏறி காட்பாடியில் இறங்கி பஸ் பிடிப்போம். பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர், குடியாத்தம், காவனூர், விரிஞ்சிபுரம், லத்தேரி என்று அவள் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ஸ்டேஷனே அவள் சொல்லிய பிறகுதான் வருவதுபோல் இருக்கும். ஜன்னலோரம் வேண்டும். வண்டி போகிற திசையைப் பார்த்துத்தான் உட்காருவாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்பாள். இடம் இல்லையென்றால் நின்றுகொண்டே வருவாளே தவிர, பின்னால் போகிற மாதிரி உட்காரமாட்டாள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் முடிந்துபோனது. ஆம்புலன்ஸில் நாற்கரச் சாலை வழியாக ஊருக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சாலையில் அவளுடைய ஸ்டேஷன்கள் ஒன்றுகூட வராது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழிநெடுக அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. இது தப்பான வழி, இது தப்பான வழி என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்தன்று அண்ணன் வந்தார். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். கல்லறையில் மண் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதன்பின் ஒரு எட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் போனில் எதையோ தேடும்போது பொம்மை ரயில் விளம்பரம் வந்தது. பொம்மை என்றால் சாவி கொடுக்கிறது இல்லை. நிஜ ரயிலைச் சுருக்கினது மாதிரி, என்ஜினில் விளக்கு எரியும், தண்டவாளத்தில் கரண்ட் ஓடும், கன்ட்ரோல் பெட்டியின் குமிழைத் திருகினால் வண்டி நகரும். வரவழைத்தேன். ஒரு என்ஜின், மூன்று பெட்டிகள். நாற்பத்தாறு வயதில் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு வட்டம் வேண்டாம். எனக்கு வேண்டியது ஆம்பூரிலிருந்து காட்பாடி.

அட்டையில் பிளான் போட ஆரம்பித்தேன். ஷூ பேட்டர்ன் வரைகிற அதே அட்டை, அதே பென்சில். கூடத்தின் நீளம் முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதன்மேல் போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். ஒன்பது ஸ்டேஷன். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பலகையில் பெயர். தீக்குச்சியைச் சீவி அதன் நுனியால் நானே எழுதினேன். பெட்டிகளுக்கு ஷூ ஃபினிஷிங்கில் அடிக்கிற நீலச் சாயம். மலைகளுக்குக் கட்டிங் செக்‌ஷன் கழிவுத் தோல், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மலை வந்துவிடும். பாலாறு செய்வது எல்லாவற்றையும்விடச் சுலபம். அதற்குத் தண்ணீர் தேவையில்லை. மணல் நிறத்தில் ஒரு ஸ்வேட் தோல் துண்டு, அவ்வளவுதான். (பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் பாலாற்றைத்தான் கண்டுபிடித்தார்கள்.)

வேலை முடிந்து வந்ததும் இதில் உட்கார்ந்துவிடுவேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அப்போது காட்பாடிதான் பிரச்சினை.

வண்டி காட்பாடியில் வளைந்து திரும்பி, முகம் முன்னால் இருக்கிறபடியே ஆம்பூருக்கு வர வேண்டும். அதற்கு ஒரு நல்ல வளைவு வேண்டும். ஆம்பூர் முனையில் இடம் இருந்தது. காட்பாடி முனையில் கதவு ஒருபக்கம், பொதுச்சுவர் ஒருபக்கம். எப்படி வரைந்தாலும் வளைவு நான்கு விரல் அளவுக்குச் சுவருக்குள் போனது. ஒருவாரம் அட்டையை வெட்டி வெட்டிப் பார்த்தேன். கடைசியில் சுவரில் ஒரு குடைவு எடுத்து, அதற்கு மலை மாதிரி முகப்பு வைத்து, சுரங்கப்பாதையாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆம்பூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் சுரங்கப்பாதையே கிடையாது. அந்தப் பாதையில் போய்வந்த யாரும் இதைச் சொல்வார்கள். அதைக் கூட்டிச் சேர்த்த முதல் ஆள் நான்தான்.

சுவர் குடைய மிஷின் வேண்டும். என் தோஸ்த் நசீர் பாய் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் ஹேமர் டிரில் கேட்டேன்.

"எதுக்கு?"

"செவுத்துல சின்னதா ஒரு குடைவு."

"செவுரு இன்னா கனம்னு பாத்தியா?"

"ஒம்போது இன்ச்சு."

"அளந்தியா?"

"பாய், நான் மில்லிமீட்டர் பாக்குறவன்."

அவர் டிரில்லைத் துடைத்துக்கொண்டே நான் கொண்டுபோயிருந்த பிளானைப் பார்த்தார். "இதுக்கு எதுக்குடா செவுத்த ஒடைக்கணும்? உங்கிட்ட இருக்குற பொட்டியில ரிவர்ஸ் பட்டன் இருக்குமில்ல. காட்பாடி போனதும் ரிவர்ஸ் போடு. வந்துடப்போவுது. பேஜார் இல்லாம முடிஞ்சிடும்."

"பின்னாலயே வந்தா தலை சுத்தும் பாய்."

"யாருக்கு?"

நான் பிளானைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் ஒயரைச் சுருட்டி மிஷினை என் கையில் கொடுத்தார்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் பின்பக்கம் துணி உலர்த்தும்போது எஸ்தர் அண்ணி வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்கு ஜெனியப் பாக்க வர்றாங்க. குடியாத்தம். பையன் ஸ்கூல்ல வாத்தியாரு. சாயங்காலம் நாலு மணி. ஏழெட்டுப் பேரு. கேசரி கிளறலாம்னு இருக்கேன்."

"நல்லது அண்ணி."

"நீங்களும் வந்து உக்காருங்க. ஸ்டெல்லா இருந்திருந்தா இந்நேரம் அவதான் ஓடிக்கிட்டிருப்பா."

"அண்ணன் கூப்புட்டாரா?"

அண்ணி கொடியில் கிடந்த ஒரு துணியை இழுத்து நேராக்கினார். "அவரு கூப்புட மாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா? நீங்களா வந்துடுங்க. வந்து நின்னா வேணாம்னா சொல்லப்போறாரு?"

"அவரு வந்து கூப்புடட்டும் அண்ணி. வாசல் தொறந்துதான் இருக்கு."

எவ்வளவு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன் பாருங்கள். உண்மையில் நான் அன்று சாயங்காலமே வெள்ளைச்சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மீசையைக் கத்தரித்து, மூன்று மணிக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் வந்து கதவைத் தட்டுவார், "வாடா" என்பார், நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போகலாம் என்று. மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. வெளியே வேன் வந்து நிற்கிற சத்தம், செருப்புகளைக் கழற்றுகிற சத்தம், அண்ணன் "வாங்க, வாங்க" என்கிற சத்தம். யாரும் என் கதவைத் தட்டவில்லை.

அப்போதுதான் டிரில்லை எடுத்தேன்.

சுரங்கம் அன்றைக்கே வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சத்தம் தாங்காமல் அண்ணன் வந்து, "தாஸு, கொஞ்சம் நிறுத்துடா, ஆளுங்க வந்திருக்காங்க" என்று சொன்னாலும் போதும். அதுவும் ஒரு பேச்சுதானே.

டிரில் போட்டேன். ஊரே அதிர்ந்தது. வெள்ளைச்சட்டை முழுக்கச் செங்கல் தூசு. கொஞ்சம் குடைந்ததும், அளவு பார்க்க ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் குடைவுக்குள் நீட்டிவைத்து என்ஜினை மெதுவாக உள்ளே விட்டுப் பார்ப்பேன். பிறகு பின்னால் இழுத்துவிட்டு மறுபடி குடைவேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சுவரை இரண்டு தடவை தட்டினார்கள். அண்ணனின் கைதான், எனக்குத் தெரியும். சுவரைத் தட்டுகிறவர் கதவைத் தட்டட்டுமே என்று இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

கொஞ்சநேரத்தில் கை வலித்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒரே அமைதி. போய்விட்டார்கள் போலிருக்கிறது, என்னைக் கூப்பிடாமலே எல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். டிரில்லைக் குடைவின் நடுவில் வைத்து முழுப்பலத்தோடு தள்ளினேன்.

அவர்கள் போகவில்லை. ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள்.

அண்ணி பிறகு சொன்னது இது. பையன் வீட்டுக்காரர்களோடு வந்திருந்த பாஸ்டர், சுவரோரம் போட்டிருந்த சோபாவில் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு முனையில் பையனின் அம்மா. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். "ஆண்டவரே, இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அடைபட்டிருக்கிற வழிகளையெல்லாம் திறந்தருளும்" என்று பாஸ்டர் சொல்லி முடிக்கவும், அவர் காதோரத்தில் சுவர் திறந்தது.

என் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கல்லுக்குள் போய்க்கொண்டிருந்த டிரில் திடீரென்று வெறும் காற்றுக்குள் போனதுதான். ஒரு முழுச் செங்கல் நழுவி அந்தப் பக்கம் விழுந்தது. ஒன்பது அங்குலம் என்று நான் சத்தியம் செய்த சுவர், செங்கல்லைக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் ஒற்றை வரிசையாகக் கட்டிய நாலரை அங்குலச் சுவர். நான் முன்னால் தடுமாறியதில் என் இடுப்பு கன்ட்ரோல் பெட்டியில் இடித்தது. குமிழ் திரும்பியது. ஆம்பூர் காட்பாடி பாசஞ்சர் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு குடைவுக்குள் புகுந்து, ஓட்டைக்குள் தலையை நீட்டி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நின்றது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் கண்ணைத் திறக்காமலே பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். மற்றவர்களும் "ஆமென்" என்றார்கள். பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள்.

செங்கல் நல்லவேளையாக சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்திருந்தது. ஆனால் பூச்சுமண் முழுவதும் பையனின் அம்மா தலையில். அரக்குப் பட்டுப்புடவை வெள்ளைப் பட்டுப்புடவையாகிவிட்டது. கேசரியின்மேல் சிமென்ட் பூத்திருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர், காது கொஞ்சம் மந்தம், என்ஜினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே பேசாத அந்த நேரத்தில் அவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்:

"எந்த வண்டிப்பா இது?"

நான் என்ஜினுக்கு மேலே குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுகிற புத்தி எனக்கு.

"காட்பாடி" என்றேன்.

பையனின் அப்பா சட்டென்று எழுந்தார். "யாருங்க அது?"

அண்ணனின் முகத்தைப் பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். காதோரமெல்லாம் நரைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "அது... பக்கத்துல வாடகைக்கு..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் ஜெனி அடுப்படியிலிருந்து டீ டிரேயோடு வந்தாள். ஓட்டையையும் அதற்குள் என் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு அவர்கள் பேசிக்கொண்டிருந்தது தெரியாது. டிரேயைக் கீழேகூட வைக்கவில்லை.

"சித்தப்பா, தள்ளி நில்லுங்க. கண்ணுல மண்ணு விழுந்துடப்போவுது."

பையனின் அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி ஓசூர்ல செட்டில் ஆயிட்டாருன்னு சொன்னீங்களே."

 பக்கத்து வீட்டிலேயே இருக்கிற எனக்கே அன்றுதான் தெரிந்தது, நான் ஓசூரில் இருக்கிறேன் என்று.

அவர்கள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். பையனின் அம்மாவுக்குக் கண்ணில் மண் விழுந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், கண் நன்றாகத்தான் இருந்தது. டீ குடிக்கவில்லை. "யோசிச்சு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். வேன் போகிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் நான் டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

கொஞ்சநேரத்தில் என் கதவு தட்டப்பட்டது.

அண்ணன் உள்ளே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். ஆம்பூரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மஞ்சள் பலகையாகக் குனிந்து படித்துக்கொண்டே மெதுவாக நடந்தார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது போலிருக்கிறது.

"இது இன்னா?"

"வளத்தூரு."

"இது?"

"விரிஞ்சிபுரம்ண்ணா."

லத்தேரி தாண்டி, சுவரோரத்தில் வந்து நின்றார். ஓட்டை வழியாக அவருடைய கூடத்தில் அண்ணி பெருக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"காட்பாடி எதுக்குடா செவுத்துக்குள்ள போவுது?"

"வண்டி திரும்பி வரணும்ண்ணா. எடம் பத்தல."

அவர் அங்கேயே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற சத்தம் இரண்டு வருடம் அவருக்கும் கேட்டிருக்கும் இல்லையா.

"அவளுக்கு அப்டி ஆனப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ. நானும் கூட வந்திருப்பேன்."

"நீ கேக்கலியேண்ணா."

"நீ சொல்லல."

 அவர் என்ஜினைச் சுவரிலிருந்து எடுத்து, சட்டை நுனியால் மண்ணைத் துடைத்து, என் கையில் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "புள்ள பின்னால உக்காந்திருக்கா. நீ போய்ப் பேசு. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல" என்றார்.

ஜெனி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவையைக்கூட மாற்றவில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். இதைவிட நல்ல இடம் வரும் என்றேன். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணினால் நாளைக்கு அதுவே பிரச்சினையாகும் என்றேன். எனக்குத் தெரியாதும்மா, அவர்கள் வந்திருந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றேன். முதல்முறை அந்தப் பொய்யைச் சொன்னது அவளிடம்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு சித்தப்பா" என்றாள். அழவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல் சொன்னாள். அந்தப் பொண்ணு அதுவரைக்கும் எதையும் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுவாரம் நான் யாரிடமும் சொல்லாமல் குடியாத்தம் போனேன். அதே காலை பாசஞ்சர். ஸ்டெல்லா போன பிறகு அதில் நான் ஏறியதில்லை. வண்டியில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

பையனின் அம்மா உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். கோபமே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, அண்ணன் நல்ல மனுஷன், பொண்ணு தங்கம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"பொண்ணப் பத்தி ஒண்ணுமில்லீங்க. பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற தம்பிய ஓசூருக்கு அனுப்புன வூடு அது. நாளைக்கு எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்தா எங்கள எங்க அனுப்புவாங்களோ."

 வாசலில் வந்து செருப்பை மாட்டினேன்.

பையன் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான். உயரமாக, அமைதியாக, கையில் சாக்பீஸ் தூசு படிந்த பையன்.  வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஜெனி எப்டி இருக்காங்க அங்கிள்?" என்றான்.

"இருக்கா."

"அம்மா பேச்ச மீறி என்னால ஒண்ணும் பண்ண முடியல. நான் கேட்டேன்னு மட்டும் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

ஊருக்கு வந்தால் ஜெனி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"வேணாம்னுட்டாங்கம்மா."

"அவரு?"

"அவன் வூட்ல இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். கேட்டான் என்று சொன்னால் அவள் காத்திருப்பாள், சொல்லாவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று அந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அளவெடுப்பதில் கெட்டிக்காரன் இல்லையா நான்.

இரண்டு வருடம் கழித்து ஜெனிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒடுகத்தூர்ப் பையன், வேலூரில் வேலை. இந்தத் தடவை பெண் பார்க்க வந்தபோது அண்ணன் தானே வந்து என் கதவைத் தட்டினார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுதான் என் தம்பி, பக்கத்து வீடு, ஷூ கம்பெனியில் இருக்கிறான் என்று அவர் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னார். ஒருதடவை சொன்னது போதாதென்று பயந்துவிட்டார் போலிருக்கிறது.

ஓட்டையை அண்ணனும் நானும் சேர்ந்து ஆள் வைத்து அடைத்தோம். அந்த இடத்தில் மட்டும் சுவர் இப்போது ஒன்பது அங்குலம். அளந்தேன். காட்பாடியில் வளைவு கிடையாது. வண்டி போய்ச் சேர்ந்ததும், நான் எழுந்துபோய் என்ஜினையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முகத்தைத் திருப்பி, வருகிற தண்டவாளத்தில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வந்து குமிழைத் திருகுவார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

எங்களைப் பேச வைத்த அந்த ஓட்டை ஜெனிக்கு என்ன செய்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதையும் பேசிக்கொள்வதில்லை.

குடும்பத்தில் இப்போது எனக்குப் பெயர் காட்பாடி மாமா. சின்னதுகளுக்குக் காட்பாடி தாத்தா. எங்கே விசேஷம் என்றாலும், நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருத்தர் "எந்த வண்டிப்பா இது?" என்பார்கள். நான் "காட்பாடி" என்று சொன்னால்தான் உட்கார இடம் கிடைக்கும்.

இந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறவள் ஜெனி. பாஸ்டர் "ஆமென்" சொன்ன மாதிரி சொல்லிக் காட்டுவாள். பெரியவரின் குரலில் பேசுவாள். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் தலையில் எவ்வளவு மண் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவாள். அவள் மாப்பிள்ளைக்கு இந்தக் கதை உயிர். புது ஆட்கள் யார் வந்தாலும், "ஜெனி, அந்த ரயில் கதையச் சொல்லு" என்பார்.

போன கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் தரையிலேயே கிடந்தன. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். பாஸ்டர் எங்க, அந்த அம்மா எங்க, பெரியவரு எங்கன்னு எல்லாம் சொல்றா. பொண்ணு பாக்க வந்த அந்தப் பையன் எங்க உக்காந்திருந்தான்? அவனப் பத்தி ஒண்ணுமே வர மாட்டேங்குதே."

விளையாட்டாகத்தான் கேட்டார். அவர் நல்ல பிள்ளை.

"எனக்குத் தெரியல மாப்ள" என்றேன். "ஓட்ட வழியா அந்த மூலை தெரியாது."

ஜெனி குனிந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கதவோரம்" என்றாள். "அந்தச் செகப்பு பிளாஸ்டிக் சேர்ல."

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.